பழைய காரின் மீற்றர் வெளிச்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கே.ஈ. 70 கரோலா வேகன் நிற்கிறது. டாஷ்போர்டில் வேகமும் பெற்றோலும் காட்டும் அதன் மீற்றர் பெட்டியின் வெளிச்சத்தை நானே கழற்றிச் சரிசெய்தேன் என்பது தெரிந்த பிறகு, சன்னி வைத்திருப்பவர், லான்சர் வைத்திருப்பவர், டொல்பின் வான் ஓட்டுபவர் என்று ஒவ்வொருவராக வந்து கேட்கத் தொடங்கினார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் மறுபடி திறக்கும்வரை பழையதையே பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

ராத்திரியில் மீற்றர் தெரியுதில்லை. பல்ப் போயிட்டுது, அவ்வளவுதானே?

ஒரு மூலை மட்டும் இருட்டாக இருந்தால் பல்ப்தான். மொத்தமும் இருட்டென்றால் பெரும்பாலும் பல்ப் இல்லை. மீற்றருக்குப் பின்னால் மூன்று முதல் ஆறு சின்ன பல்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தனித்தனியாகப் பிரிந்து போகிறது. ஒன்று போனால் மற்றது எரியும். எல்லாம் ஒரே இரவில் சேர்ந்து போவது மிக அரிது.

மின்சாரம் வரும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பற்றரி, பியூஸ், லைட் சுவிட்ச், டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது), மீற்றர் பெட்டியின் பிளக், அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் செப்புத் தகடு, பல்ப், கடைசியில் ஏர்த் (காரின் இரும்பு உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழி). கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த வழியில் எந்த இடம் அறுந்திருக்கிறது என்று தேடுவதுதான். பல்புக்குப் போகும் முன் வழியைப் பாருங்கள். மீற்றரைக் கழற்றாமலே பாதிக் கார்கள் சரியாகிவிடும்.

இதெல்லாம் அவசரமா அண்ணா? ஹெட்லைட் எரியுது, ஓடலாம்தானே?

ஓடுவதற்கு முன் இறங்கி, காரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய ஜப்பான் கார்களில் பெரும்பாலும் மீற்றர் வெளிச்சம், பின் சிவப்பு லைட், நம்பர் தகட்டு லைட், முன் பார்க் லைட் எல்லாம் ஒரே பியூஸில்தான் இருக்கும். ஹெட்லைட்டுக்குத் தனிப் பியூஸ். அதனால் அந்தப் பியூஸ் போயிருந்தாலும் உங்களுக்கு முன்னால் ரோடு நன்றாகத் தெரியும். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் காட்டு ரோடு. யானை நின்றால் சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டும். பின்னால் லொறி வருகிற நேரத்தில் பின் லைட் இல்லாத கார் அந்த ரோட்டில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். மீற்றர் இருட்டானதை, பின் லைட்டைப் பார்க்கச் சொல்லும் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் எங்கே இருக்கும்? பார்த்தால் நல்லது மாதிரித்தான் இருக்கு.

பெரும்பாலும் ஓட்டுபவரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், டாஷ்போர்டின் அடியில் இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் ‘டெயில்’ என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 10 அல்லது 15 அம்பியர் இருக்கும்.

கண்ணாடிக் குழாய்ப் பியூஸ் உள்ள கார்களில் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே கம்பி முழுசாக இருந்தாலும், இரண்டு பக்கத் தொப்பியும் அதைப் பிடிக்கும் கவ்வியும் களிம்பு பிடித்திருந்தால் மின்சாரம் போகாது. பியூஸை விரலால் நாலு தரம் சுழற்றிப் பாருங்கள். வெளிச்சம் வந்தால் கவ்வியை மெல்லிய மண்தாளால் தேய்த்து, குறடால் சற்று நெருக்கிவிடுங்கள். (தேய்ப்பதற்கு முன் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.)

புதுப் பியூஸ் போட்டேன், லைட்டைப் போட்ட உடனே அதுவும் எரிஞ்சிட்டுது. பெரிய பியூஸ் போடட்டா?

வேண்டாம். வெள்ளித்தாள் சுற்றுவதும் வேண்டாம். எங்கோ வயர் உடம்பில் முட்டுகிறது என்று பியூஸ் சொல்கிறது. அதன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது வயர்.

எங்கே முட்டும்? மீற்றருக்குள் முட்டுவது குறைவு. நான் பார்த்தவை: மழைத் தண்ணீர் நின்ற பின் லைட் ஹோல்டர், டிக்கி மூடியின் பிணைச்சலில் உராய்ந்து தோல் போன நம்பர் லைட் வயர், சிகரெட் லைட்டரின் குட்டி விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறகு பூட்டிய ரேடியோ. ரேடியோவில் இரவில் வெளிச்சம் வருவதற்கென்று ஒரு வயர் உண்டு. அதை ஏர்த்தோடு சேர்த்து முறுக்கி விட்டிருப்பார்கள்.

தேடுவதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு கவ்விக்கும் இடையில் ஒரு 21 வாட் சிக்னல் பல்பைக் கட்டுங்கள். முட்டு இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும், பியூஸ் வீணாகாது. பிறகு ரேடியோ, லைட்டர், பின் லைட் என்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் மங்குகிறதோ, முட்டு அங்கேதான்.

ஹபரணை ரோட்டில் நடு ராத்திரி திடீரென்று அணைஞ்சா என்ன செய்யிறது?

ஓரமாக நிறுத்தி, நான்கு சிக்னலும் சேர்ந்து மின்னும் ஹசாட் சுவிட்சைப் போடுங்கள். அதற்குத் தனி வழி என்பதால் டெயில் பியூஸ் போனாலும் மின்னும். அப்புறம் ரேடியோ அல்லது லைட்டரின் பியூஸைப் பாருங்கள். அதே அம்பியர் என்றால் கழற்றி டெயில் இடத்தில் போடுங்கள். அது நின்றால் வீடு வரலாம். அதுவும் போனால் ஹசாட்டை மின்னவிட்டபடி மெதுவாக, வெளிச்சமுள்ள ஒரு கடை வாசல் வரை மட்டும் போய் நில்லுங்கள். ஒரு சின்ன டோர்ச்சும் இரண்டு உதிரிப் பியூஸும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

டிம்மர் என்கிறீங்க. என்ர காரில் அப்படி ஒன்றும் இல்லையே.

இருக்கும். மீற்றருக்குப் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய ஒரு குட்டிச் சக்கரம் அல்லது சின்னக் குமிழைத் தேடுங்கள். சில கார்களில் லைட் போடும் குமிழையே திருப்பினால் மீற்றர் வெளிச்சம் கூடிக் குறையும். கார் கழுவும்போது துணி பட்டு அது கடைசிவரை திரும்பி, ‘மீற்றர் செத்துப் போச்சு’ என்று வந்தவர்கள் உண்டு.

உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருள். அதன்மேல் ஒரு நாக்கு நகர்கிறது. பல வருடமாக ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் களிம்பு ஏறிவிடும். லைட்டை அணைத்துவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது முப்பது தரம் திருப்புங்கள். பிறகு லைட்டைப் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் எரிந்து ஓர் இடத்தில் அணைந்தால் குற்றவாளி அதுதான். கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

கராஜில் ‘டிம்மரை வெட்டிவிட்டு நேர் லைன் தாறன்’ என்கிறார்கள். விடலாமா?

எது நேர் லைன் என்று கேளுங்கள். டிம்மரின் இரண்டு வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது ஒரு வகை. மின்சாரம் பழைய பியூஸ் வழியாகவே வருகிறது. வெளிச்சம் எப்போதும் முழு அளவில் இருக்கும், குறைக்க முடியாது. ஆனால் ஆபத்தில்லை. புது டிம்மர் கிடைக்கும்வரை இதை ஏற்கலாம்.

பற்றரியிலிருந்தோ திறப்பு சுவிட்சிலிருந்தோ புது வயர் இழுத்து மீற்றருக்குக் கொடுப்பது இன்னொரு வகை. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். என் காருக்கு முன்பு ஒரு வயரிங் பாஸ் இதைத்தான் செய்து வைத்திருந்தார். வழியில் பியூஸே இல்லை. டாஷ்போர்ட் அடியில் ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் அந்த வயர் உராய்ந்து, தோல் பாதி தேய்ந்திருந்ததை நான் கழற்றியபோதுதான் கண்டேன். இன்னும் ஒரு மாரி தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மீற்றர் எரிகிறது, ஆனால் பின் லைட் போனால் இனி உங்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு கெடுதல்.

சரி, மீற்றர் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். உடைஞ்சிடுமோ என்று பயமாக் கிடக்கு.

பயம் நியாயமானது. முப்பது நாற்பது வருட வெயில் பட்ட பிளாஸ்டிக். ஆனால் அது இளகுவதும் வெயிலில்தான். காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, பிளாஸ்டிக் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். மாரிக் காலத்துக் குளிர்ந்த காலையில் இழுத்தால் கொக்கிகள் முறியும். முதலில் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள கார் என்றால், கழற்றியபின் சில நிமிடம் பொறுத்திருந்துதான் கை வைக்க வேண்டும்.

ஸ்டியரிங் தண்டின்மேல் ஒரு பழைய துவாயை விரியுங்கள். மீற்றரைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஸ்குரூக்கள் பெரும்பாலும் மேல் விளிம்பின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல், கீழிருந்து மேலாக இருக்கும். ஒரு சட்டம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் இன்னும் ஒரு ஸ்குரூ இருக்கிறது என்று அர்த்தம். இழுக்காதீர்கள், தேடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். ஸ்குரூக்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஸ்பீட் கேபிள். கியர்பொக்ஸிலிருந்து வரும் இது மீற்றரின் முதுகில் மாட்டியிருக்கும். சிலவற்றில் ஒரு நாக்கை அமுக்கினால் கழன்று வரும். சிலவற்றில் ஒரு வளையத்தைத் திருக வேண்டும். பெட்டியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, பக்கவாட்டால் கைவிட்டு இதைக் கழற்றிய பிறகுதான் பெட்டி வெளியே வரும். உடைப்பவர்கள் எல்லோரும் உடைப்பது இந்த இடத்தில்தான். வெளியே எடுத்தபின் முள்ளை விரலால் தொடாதீர்கள். முன் கண்ணாடி பிளாஸ்டிக். பெற்றோலோ தின்னரோ பட்டால் வெளுத்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கடையில் போய் என்ன பல்ப் என்று கேட்கிறது?

பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் அடிப்பகுதி தட்டையான கண்ணாடி பல்ப். பெரியது டி10, சின்னது டி5. பழைய ஆங்கிலக் கார்களில் திருகிப் பூட்டும் சின்ன பல்ப், 12 வோல்ட் 2.2 வாட். லூக்காஸ் 987 என்றால் அந்த வாகனத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

வாட்டில் கவனம். டி10 அளவில் 5 வாட்டும் வரும், 3.4 வாட்டும் வரும். பார்க் லைட்டுக்கு 5 வாட், மீற்றருக்குப் பெரும்பாலும் 3.4 வாட். கூட வெளிச்சம் வரட்டும் என்று 5 வாட் போட்டால் சூடும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஹோல்டர் இளகும், பல்பின்மேல் மாட்டியிருக்கும் பச்சைத் தொப்பி உருகும், மீற்றரின் முகத்தில் பழுப்பு வட்டம் விழும். அந்த வட்டம் பிறகு போகாது. கழற்றிய கையோடு எல்லா பல்பையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே வயது.

பல்ப் புதுசு, பியூஸ் நல்லது, டிம்மரும் திருப்பிப் பார்த்தாச்சு. இன்னும் எரியுதில்லை.

பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். அதில் செப்புக் கோடுகள் ஓடுகின்றன. பல்ப் ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டும்போது அதன் இரண்டு காதும் இந்தச் செப்பைத்தான் அமுக்குகின்றன. அந்த இடம் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் மின்சாரம் நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். செம்பு பளிச்சென்று வரும். மண்தாள் வேண்டாம், கோடு மயிரளவு தடிப்புத்தான், தேய்ந்து போய்விடும். ஹோல்டரின் காதுகளையும் சுத்தம் செய்து, நுனி விரலால் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் இறுக்கமாக அமுக்கும்.

கோடு எங்காவது அறுந்திருந்தால் இரு பக்கமும் சுரண்டி, மெல்லிய வயர் ஒன்றைப் பாலமாக ஈயம் வைத்து ஒட்டலாம். சூட்டுக்கோல் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது, தாள் சுருண்டுவிடும். கை நடுங்கும் என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் போனோ டிவியோ திருத்துபவரிடம் கொடுங்கள். கார்க்காரரைவிட அவருக்கு இது நன்றாக வரும்.

கடற்கரையில் இருக்கிறதாலதான் இப்படியா?

பெரும் பங்கு அதற்குத்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இரவு முழுக்கக் கடலைப் பார்த்து நிற்கும் காரின் செம்பில் உப்பு ஈரம் படியும். மாரியில் அது காயவே காயாது. முன் கண்ணாடி றப்பர் ஒழுகினால் தண்ணீர் நேரே மீற்றரின் முதுகுக்குத்தான் இறங்கும். டாஷ்போர்டின் அடியில் உள்ள கால்பாய் ஈரமாக இருந்தால் முதலில் ஒழுக்கை அடையுங்கள். இல்லாவிட்டால் அழிறப்பர் வேலையை வருடாவருடம் செய்ய வேண்டி வரும்.

எல்லாம் எரியுது, ஆனா மங்கல். முந்தி இப்படி இல்லை.

மூன்று காரணம் சேர்ந்தே இருக்கும். பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருக்கும், மாற்றுங்கள். வெளிச்சத்தைப் பரப்பும் உட்சுவரின் வெள்ளை, பழுப்பாகிப் புழுதி படிந்திருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மொரிஸ் மைனரின் நடுவில் இருக்கும் ஒற்றை வட்ட மீற்றரில் உட்புறத்துக்கு மெல்லியதாக வெள்ளைப் பெயின்ற் அடித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, வழியில் மின்சாரம் இழப்பது. லைட் எரியும்போது மல்ரிமீற்றரால் பற்றரியில் அளந்துவிட்டு, டிம்மரை முழுக்கக் கூட்டி வைத்து, ஹோல்டரின் இரு காதிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசம் சாதாரணம். இரண்டு வோல்ட் குறைந்தால் சுவிட்ச், பிளக், ஏர்த் மூன்றில் ஒன்று.

எல்.ஈ.டி. போட்டா நல்லமா?

சூடு குறைவு, நீண்ட நாள் இருக்கும். ஆனால் எனக்கு முழு மனதில்லை. பழைய மீற்றர்கள் சுற்றிலும் வெளிச்சம் வீசும் பல்புக்காகச் செய்தவை. நேராக மட்டும் வீசும் எல்.ஈ.டி. போட்டால் ஓர் இடம் கண்ணைக் குத்தும், பக்கத்தில் இருட்டாக இருக்கும். பக்கவாட்டிலும் வெளிச்சம் வீசுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

எரியாவிட்டால் கழற்றித் திருப்பிப் போடுங்கள்; எல்.ஈ.டி.க்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பக்கம் உண்டு. பழைய மொரிஸ், ஒஸ்ரின் சிலவற்றில் பாசிட்டிவ்தான் உடம்பில் ஏர்த். அங்கே திருகும் எல்.ஈ.டி.யைத் திருப்பிப் போட முடியாது. பாசிட்டிவ் ஏர்த்துக்கென்று கேட்டு வாங்க வேண்டும். டிம்மரும் சரியாக வேலை செய்யாது. பழைய டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பது, பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தைத் தடுத்து. எல்.ஈ.டி. இழுப்பதே சொற்பம் என்பதால் எவ்வளவு திருப்பினாலும் பெரிதாகக் குறையாது.

நான் பற்றரிச் சிவப்பு லைட்டுக்கும் சேர்த்து எல்.ஈ.டி. போட்டேன் நானா. இப்ப பற்றரி சார்ஜ் ஏறுதில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி இதைக் கேட்டார். பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஒல்டநேற்றர் பழுது என்று புதிதாக வாங்கவும் ஆயத்தமாகிவிட்டார். பழுது இல்லை. பல பழைய கார்களில் அந்தச் சிவப்பு பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஒல்டநேற்றரை முதலில் தட்டி எழுப்புகிறது. எல்.ஈ.டி. வழியாக அது போதுமான அளவு போகாது. அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய மாதிரி பல்பைப் போட்டதும் சார்ஜ் ஏறியது. மீற்றரை வெளியே எடுக்கும் முன், திறப்பைப் போட்டவுடன் அந்தச் சிவப்பு எரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய சாமான் கடையில் முழு மீற்றர் பெட்டியையே வாங்கி மாத்தினா என்ன?

தாள் கருகி, கோடுகள் பல இடத்தில் போயிருந்தால் அதுதான் வழி. ஒரே மாதிரித் தோன்றினாலும் பிளக்கில் எத்தனை ‘பின்’ (உலோக முனை) இருக்கிறது என்று பாருங்கள். பெற்றோல் காருக்கு டீசல் பெட்டியை வாங்காதீர்கள். கிலோமீற்றர் எண் வேறாக இருக்கும். பழைய பெட்டியின் எண்ணையும் மாற்றிய திகதியையும் எழுதி, காரின் ஆவணங்களோடு வையுங்கள். வாங்குபவரிடம் ஒருநாள் அதைக் காட்ட வேண்டியது நம் கடமை.

சிக்னல் போட்டா மீற்றர் வெளிச்சமும் சேர்ந்து துடிக்குது. லைட் போட்டா பெற்றோல் முள்ளும் இறங்குது.

ஏர்த். மீற்றர் பெட்டியிலிருந்து வரும் ஏர்த் வயர், பெரும்பாலும் கறுப்பு அல்லது வெள்ளைக் கறுப்பு, டாஷ்போர்ட் அடியில் ஓர் ஆணியில் உடம்போடு பூட்டியிருக்கும். அது தளர்ந்தால் எல்லா மின்சாரமும் வீடு திரும்ப வழி தேடி ஒன்றின் வழியில் மற்றது புகும். ஆணியைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்றையும் துருவையும் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள்.

ஹோல்டரில் டெஸ்ட் லைட் வைச்சா இரண்டு காதிலும் எரியுது. எப்படி இரண்டுமே பாசிட்டிவ்?

நல்ல கேள்வி. நானும் இதில் ஒரு பின்னேரத்தைத் தொலைத்தேன். பல டொயோட்டாக்களில் டிம்மர் பல்புக்கு முன்னால் இல்லை, பின்னால் ஏர்த் பக்கம் இருக்கிறது. அது அறுந்திருந்தால் பல்ப் வழியாக வந்த மின்சாரம் போக இடமில்லாமல் மறு காதிலும் நிற்கும். அந்த மறு காதை ஒரு வயரால் சற்று நேரம் உடம்பில் தொடுங்கள். பல்ப் எரிந்தால் டிம்மர் அல்லது அதன் ஏர்த்தில்தான் பிழை. எந்தக் காது என்று சந்தேகமாக இருந்தால் வெறும் வயரால் தொடாதீர்கள். முன்பு சொன்ன 21 வாட் பல்பை இடையில் வைத்துத் தொடுங்கள், தவறினாலும் பியூஸ் போகாது.

பத்து நிமிஷம் எரிஞ்சு அணையுது. ஆறவிட்டுப் போட்டா மறுபடி எரியுது.

சூடு ஏறும்போது விலகும் ஒரு தொடுகை எங்கோ இருக்கிறது. லைட் எரியும்போது ஸ்டியரிங் தண்டில் உள்ள லைட் சுவிட்சின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, கருகிய மணம் வந்தாலோ அன்று இரவு அந்தக் காரை எடுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றினால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருப்பது தெரியும்.

பின்னைச் சுரண்டி மாட்டினால் ஒரு மாதம் ஓடும், மறுபடி சுடும். அந்த ஒரு பின்னை வெட்டி எடுத்து, புதுப் பின் நசுக்கிப் பூட்டி, சுவிட்சுக்குள் இருக்கும் தொடுகையையும் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பின் லைட்டும் மீற்றரும் சேர்த்து அரை மணி நேரம் எரியவிட்டு, அதே இடத்தை மறுபடி தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை.